காகிதமும் கத்தரிக்கோலும்

நம்முடைய வீடுகளில் மிக மலிவான பொருள் எது என்று கேட்டால், யோசியாமல் காகிதம் என்று சொல்லிவிடலாம். மளிகைக் கடைப் பொட்டலம், கலியாணப் பத்திரிகை, போன வருஷத்து நாள்காட்டி, குழந்தைகள் கிறுக்கித் தீர்த்த நோட்டுப் புத்தகம், மிட்டாய்ப் பெட்டியின் மேல் சுற்றிய பளபளப்பான தாள் என்று எத்தனையோ ரூபங்களில் அது நம் வாசலைத் தேடி வருகிறது. வந்த சுவடு மறைவதற்குள் குப்பைத் தொட்டிக்கோ, பழைய பேப்பர்க்காரரின் தராசுத் தட்டுக்கோ போய்ச் சேர்ந்து விடுகிறது.

சித்திரக் கலையோ அப்படி மலிவானதல்ல என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். விலை உயர்ந்த வர்ணங்கள் வேண்டும், நயமான தூரிகைகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல கண்கள் வேண்டும் என்று நினைக்கிறோம். கண்ணில்லாமல் சித்திரமா? சுவரில்லாமல் சித்திரம் எழுத முடியாது என்று பழமொழி சொல்லி வைத்தவர்கள், கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. அது பேச வேண்டாத அளவுக்கு நிச்சயமான விஷயம் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

ஆனால் பார்வையை அடியோடு இழந்த பிறகு, வர்ணக் காகிதத்தையும் கத்தரிக்கோலையும் பசையையும் துணையாகக் கொண்டு உயர்ந்த சித்திரங்களைப் படைத்த ஒருவர் நம் தேசத்தில் வாழ்ந்தார். அவர்தாம் சாந்திநிகேதனத்து ஸ்ரீ வினோத் பிஹாரி முகர்ஜி. அவர் வாழ்க்கையையும், அவர் கை தொட்டுத் துலங்கிய ஒட்டுச் சித்திரக் கலையையும் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கலை, புதிய பெயர்

காகிதத்தை வெட்டியும் கிழித்தும் ஒட்டிச் சித்திரமாக அமைப்பதை மேனாட்டார் 'கொலாஜ்' என்கிறார்கள். ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1912-ஆம் ஆண்டில் பிக்காஸோவும் பிராக்கும் தங்கள் படங்களில் அச்சிட்ட துணியையும் காகிதத்தையும் ஒட்டத் தொடங்கிய பிறகு, இந்தக் கலைக்கு உலகத்தில் ஒரு பெரிய மதிப்பு ஏற்பட்டது.

பெயர் புதியதே தவிர, காரியம் பழையது. ஜப்பானியர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பல வர்ணக் காகிதங்களைக் கிழித்து, ஓரத்தோடு ஓரம் இணைத்து ஒட்டி, அதன் மேல் கவிதைகளை எழுதினார்கள். முப்பத்தாறு கவிகளின் பாடல்கள் அடங்கிய அத்தகைய தொகுதி ஒன்று கியோட்டோ நகரத்துப் புத்த ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. நம் நாட்டிலோ, கண்ணன் பிறந்த மதுரா நகரத்தில் 'ஸாஞ்ஜி' என்ற கலை உண்டு. கண்ணனின் லீலைகளைக் காகிதத்தில் நுட்பமாக வெட்டி, அந்த அச்சின் வழியாக வர்ணப் பொடியைத் தூவித் தரையில் கோலமாக இறக்குவார்கள்.

இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற சீமாட்டி செய்த காரியம் இவை எல்லாவற்றையும் விட விசித்திரமானது. 1700-ல் பிறந்த அந்த அம்மாள், தமது எழுபத்திரண்டாவது வயதை ஒட்டி, வர்ணக் காகிதங்களைப் பொடிப் பொடியாக வெட்டிக் கறுப்புத் தாளின் மேல் ஒட்டி மலர்களைச் செய்ய ஆரம்பித்தார். ஒரே மலருக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள்! இதழின் நிழல் ஒரு துண்டு, காம்பின் மேல் படும் ஒளி ஒரு துண்டு. பத்து வருஷ காலத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக, 985 மலர்ச் சித்திரங்களைச் செய்து முடித்தார். தாவர சாஸ்திரிகள் இன்றும் அவற்றைப் பார்த்து இன்ன செடி என்று அடையாளம் சொல்லும்படி இருக்கின்றன. அவை பிரிட்டிஷ் மியூஸியத்தில் உள்ளன.

1782-ல் அம்மாளின் கண் பார்வை மங்கிற்று. மலர்கள் நின்று போயின. இதை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். எந்த இடத்தில் மேரி டிலேனியின் கத்தரிக்கோல் ஓய்ந்ததோ, அந்த இடத்திலேதான் வினோத் பிஹாரியின் கத்தரிக்கோல் வேலையைத் தொடங்கிற்று.

கைக் காகிதமும் தேசமும்

நம் தேசத்தில் காகிதத்துக்கும் சுதந்திர இயக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. கதர் என்றால் ராட்டினம் நினைவுக்கு வருகிறது. கைக் காகிதம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் ஆலைத் துணி வந்து கைத்தறியை நசுக்கியது போலவே, ஆலைக் காகிதம் வந்து கைக் காகிதத் தொழிலையும் நசுக்கியது. பழந்துணியையும் நாரையும் கூழாக்கி, மூங்கில் தட்டியில் அள்ளித் தாள் தாளாக எடுத்து வந்த குடும்பங்கள் பல ஊர்களில் தொழிலை விட்டுவிட்டன.

1934-ஆம் ஆண்டின் முடிவில் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவினார். வார்தாவிலிருந்த அந்தச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து அதற்கு உயிர் கொடுத்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பா. செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனை வெல்லம் ஆகியவற்றோடு கைக் காகிதமும் சங்கத்தின் கவனத்தைப் பெற்றது.

1938-ல் குஜராத்தைச் சேர்ந்த ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, மகாநாட்டுப் பந்தலை அலங்கரிக்கும் பொறுப்பை மகாத்மா, சித்திரக்காரர் நந்தலால் போஸிடம் ஒப்புவித்தார். கிராமவாசிகள் நடந்து போகிறபோதே பார்த்து மகிழும்படி கலை இருக்க வேண்டும் என்பது மகாத்மாவின் ஆசை. நந்தலால் போஸ் கைக் காகிதத்தை எடுத்து அட்டையில் ஒட்டினார். மண்ணிலிருந்து எடுத்த வர்ணங்களைக் குழைத்தார். மத்தளம் கொட்டுகிறவர், பருத்தி கொட்டுகிறவர், தச்சர், தயிர் கடையும் பெண், மல்லர் என்று எண்பதுக்கு மேற்பட்ட படங்களைத் தீட்டிப் பந்தலில் மாட்டினார். மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் பிரதிகள் எழுதினார்கள். பார்ப்பதற்குச் சீட்டு இல்லை, கட்டணம் இல்லை. வண்டியிலும் கால்நடையாகவும் வந்த ஜனங்கள் அந்தப் படங்களில் தங்களையே கண்டார்கள்.

கலை என்பது செல்வர் வீட்டுச் சுவருக்கு மட்டும் உரியதல்ல. எளிய பொருளில் செய்து எல்லோரும் வாழும் இடத்தில் வைக்க வேண்டும் என்ற இந்தப் பாடம், நந்தலால் போஸ் தலைமை வகித்த சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் மூலமந்திரம் என்றே சொல்லலாம். அவர் தம் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் எழுதும் தபால் கார்டில் கூட ஒரு சிறு சித்திரம் தீட்டி அனுப்புவது வழக்கம். அவருடைய குருவாகிய அவனீந்திரநாத் தாகூரோ, முதிர்ந்த வயதில் ராமாயணத்தைக் கூத்தாக எழுதியபோது, பக்கத்துக்குப் பக்கம் பத்திரிகை விளம்பரங்களையும் படங்களையும் சாமான் சீட்டுகளையும் கத்தரித்து ஒட்டி அதைச் சித்திர ராமாயணமாக்கி விட்டார். இலங்காபுரிக்குப் பொருத்தமான விளம்பரம் எது என்று ஒரு மகா கலைஞர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக் கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பார்த்தால், நமக்கும் கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றுகிறதல்லவா?

இத்தகைய சூழ்நிலையில் வளர்ந்தவர்தாம் நம் கட்டுரையின் நாயகர்.

ஒரு கண்ணால் ஒரு தொழில்

வினோத் பிஹாரி முகர்ஜி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலும் கிட்டப் பார்வைதான். இப்படிப்பட்ட பிள்ளையை எந்தத் தகப்பனாராவது சித்திரக்காரனாக்க நினைப்பாரா? சாதாரணப் பள்ளிக்கூடங்களில் தொடர்ந்து படிக்க இயலாத பையன் சாந்திநிகேதனத்துக்கு வந்து சேர்ந்தான். 1919-ல் கலாபவனம் தொடங்கியபோது, அதன் முதல் மாணவர்களுள் ஒருவனானான்.

கண் இவ்வளவு மோசமாக இருக்கிறதே, இவனை இந்தத் துறையில் வைத்துக் கொள்ளலாமா என்ற ஐயம் நந்தலால் போஸுக்கே உண்டாயிற்று. விஷயம் மகாகவி தாகூரிடம் போயிற்று. பையன் ஒழுங்காக வேலை செய்கிறானா, அதில் அவனுக்கு ஈடுபாடு இருக்கிறதா என்று கவி விசாரித்தார். இருக்கிறது என்றதும், அப்படியானால் அவனுடைய வருங்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவனவன் பாதையை அவனவனே தேடிக் கொள்ளட்டும் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார்.

அந்தப் பதில் பொய்க்கவில்லை. வினோத் பிஹாரி கலாபவனத்திலேயே ஆசிரியரானார். 1930-களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குப் போய், தூரிகையின் ஒரே வீச்சில் ஒரு மலையையும் மரத்தையும் காட்டும் அந்நாட்டு முறையை நேரில் கண்டு வந்தார். 1946-47-ல் சாந்திநிகேதனத்து ஹிந்தி பவனத்தின் சுவர்களில், மத்திய காலத்து அடியார்களின் வாழ்க்கையை மாபெரும் சுவர்ச் சித்திரமாகத் தீட்டினார். நம் ராமாநுஜர், கபீர்தாஸர், ஸூர்தாஸர், துளஸிதாஸர், குரு கோவிந்த் சிங் ஆகியோர் ஒரு நதி பெருகி ஓடுவது போல் அந்தச் சுவர்களில் ஒருவரை ஒருவர் தொடர்ந்து செல்கின்றனர். கிட்ட நின்று சிறு பகுதியை மாத்திரமே பார்க்கக்கூடிய ஒரு கண்ணை வைத்துக் கொண்டு, அறை முழுவதையும் மனத்தில் நிறுத்தி அவர் இதைச் செய்தார்.

அந்தச் சுவருக்கு அவரோடு வேலை செய்த மாணவர்களில் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். மலையாள நாட்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்று, 1944-ல் சாந்திநிகேதனம் போய்ச் சேர்ந்தவர் அவர். அவருடைய பெயரைப் பின்னால் மீண்டும் சொல்ல நேரும்.

இருள் வந்தது

1940-களின் இறுதியில் வினோத் பிஹாரி சாந்திநிகேதனத்தை விட்டு நேபாளத்துக்குப் போய், காட்மாண்டுவிலுள்ள பொருட்காட்சிச் சாலையில் பொறுப்பேற்றார். பிறகு ராஜஸ்தானத்து வனஸ்தலி வித்யாபீடத்திலும், தம் மனைவி ஸ்ரீமதி லீலாவோடு முஸ்ஸூரியிலும் கலை கற்பித்தார். இதற்கிடையில் இருந்த ஒரு கண்ணும் மங்கிக் கொண்டே வந்தது. அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார்கள், அது பலிக்கவில்லை. 1957 முடிவதற்குள் உலகம் அவருக்கு முற்றிலும் இருண்டு விட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்றுக்கு மேல் இல்லை.

காது கேளாத சங்கீத வித்துவானையும் கண் தெரியாத சித்திரக்காரரையும் நினைத்தால் யாருக்கும் இரக்கம் உண்டாகும். இனி என்ன செய்வார், பழைய பெருமையைப் பேசிக் கொண்டு பொழுதைப் போக்குவார் என்றுதான் எண்ணுவோம். வினோத் பிஹாரி அந்த இரக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பார்வையின்மையை அவர் ஒரு புதிய அநுபவம், ஒரு புதிய நிலை என்று கருதினார். 1958-ல் சாந்திநிகேதனத்துக்குத் திரும்பிக் கலையின் சரித்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். பேனாவினால் கோட்டுச் சித்திரம் வரைந்தார். மெழுகை உருட்டி உருவங்கள் பிடித்தார். காகிதத்தை வெட்டி ஒட்டினார்.

விரல் அறியும் ஓரம்

காகிதம் எப்படி அவருக்குக் கை கொடுத்தது? இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தூரிகையினால் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு எங்கே தொடங்கிற்று, எங்கே முடிந்தது என்று விரலுக்குத் தெரியாது. ஈரம் காய்ந்து விட்டால் கோடும் வெற்றுத் தாளும் தடவுவதற்கு ஒன்றே. மூடிய கண்ணோடு இரண்டாவது கோட்டை முதல் கோட்டோடு சேர்ப்பது பெரும் பாடு. வெட்டிய காகிதமோ அப்படியல்ல. அதற்கு ஓரம் உண்டு. வளைவு வளைவாகவே விரலில் படுகிறது. முனை முனையாகவே குத்துகிறது. கத்தரிக்கோல் ஒரு கையில் நடக்க, மற்றொரு கை காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துக் கொண்டே அதன் வழியை உணர்கிறது. ஒட்டுவதற்கு முன் துண்டை இங்கும் அங்கும் நகர்த்தி வைத்துப் பார்க்கலாம். தவறினால் எடுத்து விடலாம். ஒட்டிய பிறகும் ஒரு தாளின் மேல் மற்றொரு தாள் ஏறி நிற்கும் மேடு விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆகவே சித்திரம் முழுவதையும் கையினால் படிக்க முடிகிறது.

வர்ணம்? அதை விரல் அறியாது. உடனிருப்பவர்கள் இது சிவப்பு, இது சாம்பல், இது கறுப்பு என்று சொல்ல வேண்டும். ஆனால் சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் எப்படி இருக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருஷ காலம் வர்ணங்களோடு பழகிய மனத்தில் அவை யாவும் அப்படியே இருந்தன. பெயரைச் சொன்னால் போதும். வர்ணம் உள்ளே எழுந்து வரும்.

இவ்விதம் பிறந்த சித்திரங்களில் வீணான ஒரு துண்டைக் காண முடியாது. சாய்ந்து படுத்திருக்கும் ஒரு மனிதர், பழத்தோடு ஒரு பெண் என்று சாதாரண விஷயங்களே. நாலைந்து அகன்ற வர்ணப் பரப்புகளில் உடம்பின் கனமும் அமர்ந்த நிலையும் நம் கண் முன் நிற்கின்றன. முகத்துக்கு மூக்கும் விழியும் எழுதாவிட்டாலும், அந்த மனிதர் களைத்திருக்கிறார் என்று தோன்றி விடுகிறது. கண் இருந்த காலத்தில் ஆயிரம் விவரங்களைச் சேர்த்தவர், கண் போன பின் எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வைத்துக் கொண்டார்.

பிரெஞ்சு தேசத்துச் சித்திரக்காரர் மாத்தீஸும் தம் முதுமையில் கத்தரிக்கோலைத்தான் சரணடைந்தார். 1941-ல் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து, நாற்காலியிலும் படுக்கையிலுமாக இருந்த அவர், வர்ணம் பூசிய தாள்களை வெட்டிச் சித்திரம் அமைத்தார். அவற்றைக் கொண்டு 1947-ல் வெளியான 'ஜாஸ்' என்ற புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அவருக்குக் கால் தளர்ந்தது, கண் இருந்தது. நம்மவருக்குக் கண்ணே இல்லை. உலகம் முன்னவரை அறிந்த அளவுக்குப் பின்னவரை அறியவில்லை என்பது நமக்கு வருத்தம் தருகிறது. உலகம் கிடக்கட்டும், நாம் அறிந்திருக்கிறோமா?

சுவருக்கு ஏறிய காகிதம்

1972-ல் வினோத் பிஹாரி, கலாபவனத்துச் சுவர் ஒன்றில் ஓட்டுத் தகடுகளைக் கொண்டு ஒரு பெரிய சித்திரத்தை அமைத்தார். காகிதத்தை வெட்டியும் மடித்தும் அவர் விரல்கள் பழகியிருந்த உருவங்களின் சாயலை அதில் காணலாம். காகிதம் மழைக்கு நனையும், வெயிலுக்கு வெளுக்கும். மெருகிட்ட ஓடு நிற்கும். ஒருவர் மடியில் வைத்துத் தடவிச் செய்த கலை, மாணவர்கள் நாள்தோறும் கடந்து போகும் பொதுச் சுவரில் குடியேறிற்று.

அதே ஆண்டில், அவரிடம் 1940-களின் தொடக்கத்தில் மாணவராக இருந்த சத்யஜித் ராய், தம் ஆசிரியரைப் பற்றி 'அகக்கண்' என்று பொருள்படும் பெயரில் சுமார் இருபது நிமிஷம் ஓடும் திரைப்படம் ஒன்றை எடுத்தார். சினிமா உலகில் பெரும் புகழ் பெற்றிருந்த மாணவர், ஆசிரியரின் விரல்களைக் காமிராவினால் பின்தொடர்ந்து செல்கிறார். இதைக் காட்டிலும் சிறந்த குருதட்சிணை வேறு இருக்க முடியுமா?

கலையை ஊரோடு பகிர்ந்து கொள்ளும் வழக்கம் அங்கே வேறு விதத்திலும் தொடர்ந்தது. நந்தலால் போஸின் பிறந்த நாள் டிஸம்பர் 3. அதற்கு முந்திய இரண்டு நாட்களில், 1973 முதல் கலாபவனத்தில் 'நந்தன் மேளா' என்ற சந்தை கூடி வந்திருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் தாங்கள் கையினால் செய்த வாழ்த்துக் கார்டு, நாள்காட்டி, பொம்மை, மண்பாண்டம், படம் எல்லாவற்றையும் கடை பரப்புவார்கள். பெரிய ஆசிரியரின் கைவேலையும் நேற்றுச் சேர்ந்த மாணவரின் கைவேலையும் அடுத்தடுத்து இருக்கும். வரும் பணம் மாணவர்களின் உதவி நிதிக்குப் போகிறது. முன்னே சொன்ன கே. ஜி. சுப்பிரமணியனும் பரோடாவில் ஆசிரியராக இருந்த காலத்தில், கலைக் கல்லூரிச் சந்தைகளுக்கென்று மரத்திலும் மணியிலும் தோலிலும் வேடிக்கையான பொம்மைகள் செய்து, ஊராரும் குழந்தைகளும் வாங்கிப் போகும்படி வைத்தார்.

வினோத் பிஹாரிக்கு 1974-ல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. பார்வையிழந்த பின் அவர் வங்காளியில் சொல்லி எழுதுவித்த 'சித்ரகர்' என்ற நூல் இலக்கிய உலகிலும் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1980-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் காலமானார். அந்த நூலைப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியுலகுக்குக் கொடுத்தவரும் கே. ஜி. சுப்பிரமணியனே. சுவருக்கு வர்ணம் குழைத்துக் கொடுத்த மாணவர், ஆசிரியரின் சொல்லையும் சுமந்து சென்றார்.

நம் வீட்டுக் கூடத்தில்

இவ்வளவும் படித்த பிறகு கத்தரிக்கோலைத் தேடாதவர்கள் சிலரே இருப்பார்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

முதலில் காகிதம். கடையில் விற்கும் வர்ணத் தாள்களை வாங்கலாம். வீட்டிலேயே கைக் காகிதம் செய்து பார்ப்பதும் கடினமல்ல. பழைய நோட்டுத் தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். மறுநாள் நன்றாக மசிய அரைத்து, அகலமான தொட்டித் தண்ணீரில் அந்தக் கூழைக் கரைக்க வேண்டும். மரச் சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, அதைத் தொட்டிக்குள் சாய்வாக முக்கி மட்டமாகத் தூக்கினால், வலையின் மேல் மெல்லிய படலம் தங்கும். தண்ணீர் வடிந்ததும் அதைப் பழைய வேஷ்டித் துண்டின் மேல் கவிழ்த்து, பஞ்சினால் ஒற்றி, மேலே ஒரு துணி போட்டுப் பலகையால் அழுத்தி, நிழலில் உலர்த்தினால் தாள் தயார். கூழில் சிறிது மஞ்சளோ தேயிலை டிகாக்ஷனோ சேர்த்தால் நிறம் வரும். மஞ்சள் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தகைய தாளை வெட்டுவதை விடக் கிழிப்பதே அழகு. எங்கே கிழிய வேண்டுமோ அங்கே ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, இரு பக்கமும் மெல்ல இழுத்தால், ஓரத்தில் நார் நாராகப் பிரிந்து நிற்கும். மேகத்துக்கும் மலைக்கும் மரத்தின் தழைக்கும் அந்த ஓரமே போதும். கோபுரம், தேர், வீட்டுக் கூரை முதலியவற்றுக்குக் கத்தரிக்கோல் வேண்டும்.

பசைக்கு மைதா மாவு போதும். பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கொண்டே இருந்தால் வெண்மை மாறிக் கண்ணாடி போல் வரும். அதுதான் பதம். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக் கொள்வதே நல்லது. பசையை மெல்லிதாகத் தடவி ஒட்டியபின், படத்தைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் சுருங்காமல் படியும்.

அடுத்ததாக, வீட்டுக் குழந்தைகளுக்கு நாம் சிபாரிசு செய்யும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு முறை கண்களைத் துணியால் கட்டிக் கொண்டு, ஒரு பூவையோ பறவையையோ கிழித்து ஒட்டிப் பார்க்கட்டும். கூர்மையான கத்தரிக்கோல் வேண்டாம், விரலே போதும். வர்ணத்தை மட்டும் பக்கத்திலிருப்பவர் சொல்லட்டும். முடிந்தபின் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்து ஓய்ந்தபின், விரலுக்கு இவ்வளவு தெரியுமா என்ற வியப்பும் வரும். தெருக்கோடியில் கண் தெரியாத ஒரு குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கொள்ளுங்கள். அந்த விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்கு அதுவே குருவாகிவிடக்கூடும்.

செய்ததைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. நவராத்திரி கொலுவுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு மலையும் குளமும் ஒட்டிய பெரிய தாள், பொங்கலுக்கு உறவினருக்கு அனுப்பச் சிறு வாழ்த்து அட்டைகள், தெருவிலுள்ள வாசகசாலைச் சுவருக்கு எல்லாரும் சேர்ந்து ஒட்டிய ஒரு தேர்த் திருவிழா என்று எத்தனையோ செய்யலாம். பெரிய தாளை நாலு பாகமாக்கி நாலு வீட்டாரிடம் கொடுத்து, ஒரு பாகத்துக்கு ஒரு வீடு என்று ஒட்டிச் சேர்த்தால், தேருக்கு ஒரு சக்கரம் பெரிதாகவும் ஒரு சக்கரம் சிறிதாகவும் அமையலாம். அதனால் தேர் ஓடாமல் நின்று விடாது. நாலு வீட்டாரும் அதைக் காட்டி, "இது எங்களுடையது" என்று சொல்லிக் கொள்வார்கள் அல்லவா? அதுதான் வேண்டியது.

கலை நமக்கு எட்டாது, அதற்கு வசதி வேண்டும், வயது வேண்டும், கண் வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருப்பவர்களுக்கு வினோத் பிஹாரி முகர்ஜியின் வாழ்க்கை ஒரு தகுந்த பதில். பிறக்கும்போது ஒரு கண், நடுவயதில் அதுவும் இல்லை. ஆயினும் அவரிடமிருந்து கலை விலகிப் போகவில்லை. தூரிகை கைவிட்டபோது காகிதம் வந்து கைப்பிடித்தது. அந்தக் காகிதம் நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. அடுத்த முறை பழைய பேப்பர்க்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போது, எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டுவிடாமல், நல்ல வர்ணத் தாளாக நாலைந்தை எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.